தாவர எண்ணெய் ஊற்றிய டிரான்ஸ்ஃபார்மர்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ராணிப்பேட்டை சிப்காட், மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று பழைய வட ஆற்காடு மாவட்டத்துப் பகுதிகளில், தீப்பிடிக்கக் கூடாத இடங்களில் தாவர எண்ணெய் டிரான்ஸ்ஃபார்மர்கள் அங்கங்கே வர ஆரம்பித்துவிட்டன. ஆனால் அவற்றைப் பராமரிக்கும் கை இன்னும் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயிலுக்குப் பழகிய கைதான். லேப் ரிப்போர்ட் வந்த அன்றே போன் வரும். "சார், ஈரம் 180 பிபிஎம்னு போட்டிருக்காங்க, நிறுத்திடட்டுமா?" பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதற்காக நிறுத்த வேண்டியதில்லை. அதே தொழிற்சாலையில் கேஸ்கெட் மாற்ற எண்ணெயை இறக்கிவிட்டு, நனைந்த காயிலை (காகிதம் சுற்றிய கம்பிச் சுருளை) நாள்கணக்கில் வெறும் காற்றில் நிற்க வைத்திருப்பார்கள். அதைப் பற்றி யாரும் போன் செய்வதில்லை. டிரான்ஸ்ஃபார்மரின் ஆயுள் குறைவது அங்கேதான்.

இந்த எண்ணெய்க்கு ஈரத்தைத் தாங்கும் சக்தி மிக அதிகம், காற்றைத் தாங்கும் சக்தி குறைவு. மினரல் ஆயிலில் நாம் பழகியதற்கு இது கிட்டத்தட்ட நேர் எதிர். கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியையும் இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

தொடங்கும் முன்

பெயர்ப்பலகையைப் பாருங்கள். உள்ளே இருப்பது தாவர எண்ணெயா, செயற்கை எஸ்டரா, மினரலா என்று உறுதி செய்யாமல் எந்த அளவையும் படிக்க முடியாது. தாவர எண்ணெய் என்றால் சோயா, ரேப்சீட், சூரியகாந்தி போன்ற விதைகளிலிருந்து எடுத்து, மின்காப்புக்கென்றே சுத்திகரித்து, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சேர்க்கைப் பொருளும் கலந்தது. புதிய எண்ணெய்க்கான சர்வதேசத் தரம் ஐ.இ.சி. 62770. ஓடிக்கொண்டிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் அதைப் பராமரிக்க ஐ.இ.சி. 62975 இருக்கிறது. லேப் உங்களுக்குத் தரும் ரிப்போர்ட்டின் அடியில் மினரல் ஆயிலுக்கான அளவை ஒப்பீட்டு வரம்பாகப் போட்டிருந்தால், அந்த 'தேறவில்லை' என்ற சொல்லை அப்படியே ஒதுக்கிவிட்டு அளவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்.சி. (லைன் கிளியர், அதாவது மின்சாரத்தை நிறுத்தியதற்கான அனுமதி) வாங்கி, இரண்டு பக்கமும் எர்த் போட்ட பிறகுதான் டேங்க் மேல் கை வைக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

சீல் செய்த டிரான்ஸ்ஃபார்மர் என்றால் இன்னொன்றும் உண்டு. சாம்பிள் வால்வைத் திறக்கும் முன் பிரஷர் கேஜைப் பாருங்கள். மார்கழி விடியற்காலையில் லோடும் இல்லாமல் எண்ணெய் குளிர்ந்திருந்தால் உள்ளே அழுத்தம் சுழிக்குக் கீழே போயிருக்கும். அப்போது வால்வைத் திறந்தால் எண்ணெய் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். அந்தக் குமிழி காயிலுக்குள் ஏறி உட்கார்ந்தால் நாமே ஒரு கோளாறை உண்டாக்கியதாகிவிடும். கேஜ் முள் சுழிக்கு மேலே நிற்கும் நேரமாகப் பார்த்து சாம்பிள் எடுங்கள்.

அறிகுறி: பிடிவி குறைந்திருக்கிறது

பிடிவி என்றால் எத்தனை கே.வி. (கிலோவோல்ட்) ஏற்றினால் எண்ணெயின் மின்காப்பு உடைந்து பொறி பாய்கிறது என்ற அளவு. அதிகமாக வரும் புகார் இது. எண்ணெயைக் குற்றம் சொல்லும் முன் சாம்பிளையும் சோதனையையும் சந்தேகப்பட வேண்டும்.

சாம்பிளிலிருந்து தொடங்குங்கள். வால்வு வாயைப் பஞ்சு உதிராத துணியால் துடைத்தீர்களா? அடியில் தேங்கி நின்ற எண்ணெயை முதலில் ஓடவிட்டு அப்புறம் பிடித்தீர்களா? பாட்டிலை அதே எண்ணெயால் அலசினீர்களா? ஐப்பசி, கார்த்திகை மழையில் எடுத்த சாம்பிள் என்றால் அதை நம்பாதீர்கள், வெயில் அடிக்கும் நாளில் மறுபடி எடுங்கள். ஏ.சி. காரில் குளிர்ந்த பாட்டிலை வெளிக்காற்றில் உடனே திறந்தால் உள்ளே ஈரம் படியும். பாட்டிலின் சூடும் அறையின் சூடும் ஒன்றாகும் வரை மூடியே வைத்திருங்கள். பழுப்புக் கண்ணாடி பாட்டில்தான் வேண்டும். வெள்ளை பாட்டிலில் போட்டு வேலூர் வெயிலில் டேஷ்போர்டு மேல் வைத்தால் லேப் சோதிப்பது டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் எண்ணெயை அல்ல.

அடுத்தது சோதனை. ஐ.இ.சி. 60156 முறையில் 2.5 மி.மீ. இடைவெளி, நொடிக்கு 2 கே.வி. ஏற்றம், ஆறு முறை உடைத்துச் சராசரி. சோதனைக் கப்பில் ஊற்றிய பிறகு சுமார் 5 நிமிடம் காத்திருந்து முதல் முறை வோல்டேஜ் ஏற்றுகிறோம். மினரல் ஆயிலுக்கு அது போதும். தாவர எண்ணெய் 40 டிகிரியில் மினரலைப் போல மூன்று, நான்கு மடங்கு கெட்டியானது. குமிழி மேலே வர நேரமாகும். அதனால் கப்பின் சுவரோடு ஒட்டி மெதுவாக ஊற்றி, 15 நிமிடத்துக்குக் குறையாமல் நிற்கவிடச் சொல்கிறேன். ஒவ்வொரு உடைப்புக்குப் பிறகும் எலெக்ட்ரோடுகளுக்கு நடுவே உண்டான வாயுவும் கரியும் விலக இதே கெட்டித்தன்மைதான் தடை. கலக்கி ஓட வேண்டும், ஆனால் சுழல் விழுந்து காற்றை இழுக்கும் வேகத்தில் ஓடக் கூடாது.

இப்போது சராசரியை விடுங்கள், ஆறு எண்களையும் வரிசையாகப் பாருங்கள். லேப் சராசரியை மட்டும் அனுப்பினால் ஆறையும் கேட்டு வாங்குங்கள்.

உதாரணத்துக்கு, 62, 58, 24, 66, 60, 31 என்று வந்தால் சராசரி 50. இதில் எண்ணெய் நன்றாகத்தான் இருக்கிறது. ஆறில் இரண்டு முறை எதுவோ குறுக்கே வந்திருக்கிறது. அது குமிழியாக இருக்கலாம், காகித நார் அல்லது தூசியாக இருக்கலாம். அதே சாம்பிளை இன்னும் சற்று நேரம் நிற்கவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். குறைந்த எண்கள் மறைந்தால் குமிழிதான். மறையாமல் அங்கங்கே விழுந்துகொண்டே இருந்தால் துகள். அதற்கு ஃபில்டர் போட வேண்டும்.

34, 31, 33, 30, 32, 29 என்று வந்தால் கதை வேறு. சராசரி 31.5, ஆனால் எண்கள் எல்லாம் ஒட்டி நிற்கின்றன. எண்ணெய் முழுவதிலும் ஒரே குறை பரவியிருக்கிறது. பெரும்பாலும் ஈரம். புதிதாக வந்து இறங்கும் எண்ணெய்க்கே ஐ.இ.சி. 62770 குறைந்தது 35 கே.வி. கேட்கிறது, அதுவும் சுத்திகரிக்கும் முன். வாக்யூமில் சுத்திகரித்து நிரப்பினால் 60, 70 என்று சாதாரணமாக வரும். அப்படி நிரப்பிய டிரான்ஸ்ஃபார்மரில் ஒட்டி நிற்கும் 30கள் வந்தால் கவனித்தே ஆக வேண்டும்.

எண்கள் ஒட்டி நிற்கின்றன, ஈரமும் குறைவு என்றால் கப்பைப் பாருங்கள். காலையில் வேறு எண்ணெய் சோதித்த கப், சோப்பு போட்டுக் கழுவிய கப், தேய்ந்த எலெக்ட்ரோடு எல்லாமே பிடிவியைக் கீழே இழுக்கும். கப்பும் சரி என்றால் டேப் சேஞ்சர் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச்) அறையிலிருந்து கரி கலந்த எண்ணெய் மெயின் டேங்குக்குக் கசிகிறதா என்று தேடுங்கள்.

அறிகுறி: ஈரம் 150, 180, 200 பிபிஎம்

மினரல் ஆயிலில் இந்த எண் வந்தால் எல்லோரும் ஓடி வருவோம், அதில் தவறில்லை. 25 டிகிரியில் மினரல் ஆயில் கரைத்து வைத்துக்கொள்ளக்கூடிய ஈரமே சுமார் 60 பிபிஎம்தான். தாவர எண்ணெய் அதே சூட்டில் சுமார் 1,100 பிபிஎம் கரைத்து வைத்துக்கொள்ளும். இந்த எண்ணெயின் டிரைகிளிசரைடு மூலக்கூறில் உள்ள எஸ்டர் தொகுதிகள் நீரைத் தம்மோடு பிடித்துக்கொள்வதுதான் காரணம்.

பிடிவியைக் கெடுப்பது மொத்த ஈரம் அல்ல, அந்த எண்ணெய் தாங்கும் அளவில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். மினரலில் 30 பிபிஎம் என்றால் பாதி நிரம்பிவிட்டது. தாவர எண்ணெயில் 180 பிபிஎம் என்றால் 180-ஐ 1,100-ஆல் வகுக்க, 16 சதவீதம். புதிய எண்ணெய்க்கே 200 பிபிஎம் வரை தரம் இடம் கொடுக்கிறது. 600-ஐத் தொட்டால் பாதியைத் தாண்டிவிட்டது, அப்போது பிடிவியும் கூடவே இறங்குவது தெரியும், உலர்த்த வேண்டும். அதனால் பிபிஎம் எண்ணோடு சாம்பிள் எடுத்தபோது இருந்த எண்ணெய்ச் சூட்டையும் குறித்து வையுங்கள். சூடு இல்லாமல் இந்தப் பங்கைக் கணக்கிட முடியாது.

எண்ணெயில் ஈரம் கூடியிருப்பது காகிதத்துக்கு நல்லதாகவும் இருக்கலாம். காயிலைச் சுற்றியுள்ள காகிதத்திலிருந்து ஈரம் எண்ணெய்க்கு நகர்ந்துவிடுகிறது. அங்கே கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயோடு வினைபுரிந்து தீர்ந்தும் போகிறது. காகிதம் உலர்ந்தே இருப்பதால்தான் தாவர எண்ணெயில் மூழ்கிய காகிதத்தின் ஆயுள் மினரலில் இருப்பதைவிடக் கூடுகிறது. டிரான்ஸ்ஃபார்மரின் உண்மையான வயது காகிதத்தின் வயதுதான். எண்ணெயை மாற்றிவிடலாம், காகிதத்தை மாற்ற வேண்டுமென்றால் காயிலையே மாற்ற வேண்டும்.

உலர்த்த வேண்டி வந்தால் ஃபில்டர் மெஷினில் எண்ணெயை 60, 70 டிகிரிக்குச் சூடாக்கி வாக்யூமில் சுற்றவிடுங்கள். சூடாக்கினால்தான் கெட்டித்தன்மை குறைந்து ஃபில்டரில் இறங்கும், ஈரமும் குமிழியும் விடும். வேகத்தைக் குறைத்து வையுங்கள். முடிந்ததும் வாக்யூமை உடைக்கக் காற்றை விடாதீர்கள், உலர்ந்த நைட்ரஜன் விடுங்கள். மெஷினை வாடகைக்கு எடுத்தால் இதற்கு முன் எந்த எண்ணெய் ஓடியது என்று கேளுங்கள். சிலிகோன் எண்ணெய் ஓடியது என்றால் அந்த மெஷினே வேண்டாம். சிலிகோன் கொஞ்சம் கலந்தாலும் வாக்யூமில் நுரைத்துக்கொண்டு வரும். மினரல் ஓடியது என்றால் ஹோஸ், பம்ப், ஃபில்டர் எல்லாவற்றையும் தாவர எண்ணெயால் அலசி, அலசியதைத் தனியாக எடுத்துவிட்டுத் தொடங்கலாம்.

அறிகுறி: அமில எண் ஏறுகிறது

எண்ணெயில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று காட்டும் அமில எண், தாவர எண்ணெயில் மினரலைவிட அதிகமாகத்தான் ஆரம்பிக்கும். புதியதற்கே ஒரு கிராமுக்கு 0.06 மி.கி. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வரை தரம் அனுமதிக்கிறது. மேலே சொன்னபடி ஈரம் எண்ணெயோடு வினைபுரியும்போது கொழுப்பு அமிலங்கள் உண்டாகும், அதனால் எண் மெல்ல ஏறும். இவை நீண்ட சங்கிலி அமிலங்கள். மினரல் ஆயில் கெட்டுப்போகும்போது உண்டாகும் சிறு அமிலங்கள் காகிதத்தையும் உலோகத்தையும் அரிக்கும் அளவுக்கு இவை அரிப்பதில்லை.

அதனால் அமில எண்ணைத் தனியாகப் பார்க்காதீர்கள், பக்கத்தில் கெட்டித்தன்மையை வைத்துப் பாருங்கள். அமிலம் மட்டும் ஏறி கெட்டித்தன்மை அப்படியே நின்றால் ஈரத்தோடு நடக்கும் வினை. சீலைச் சரிபார்த்து, அடுத்த சாம்பிள் வரை காத்திருக்கலாம். அமிலமும் கெட்டித்தன்மையும் சேர்ந்து ஏறினால் காற்று உள்ளே போகிறது. இரண்டாவதுதான் ஆபத்து. தொடக்கத்தில் எடுத்த அளவைவிடக் கெட்டித்தன்மை 10 சதவீதம் கூடினாலே நான் கசிவைத் தேட ஆரம்பித்துவிடுவேன்.

இதற்குத் தொடக்க அளவு கையில் இருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜ் செய்யும் முன் ஒரு சாம்பிள் எடுத்து, 40 டிகிரியில் கெட்டித்தன்மை, அமில எண், டான் டெல்டா (மின்காப்பில் வீணாகும் மின்சக்தியின் அளவு), ஈரம், பிடிவி, கரைந்த வாயு எல்லாம் எழுதி வைக்காத இடங்களில், பின்னால் வரும் எந்த ரிப்போர்ட்டுக்கும் முழு அர்த்தம் கிடைப்பதில்லை.

அறிகுறி: பிசுக்கு, கோந்து, மஞ்சள் படலம்

இதை நிதானமாகப் பாருங்கள்.

ரேடியேட்டர் வால்வு ஃபிளாஞ்சுக்கு அடியில் விரலை வைத்துப் பாருங்கள். மினரல் ஆயில் கசிந்தால் கருத்து, தூசி பிடித்து வழவழவென்று இருக்கும். தாவர எண்ணெய் கசிந்த இடத்தில் விரல் ஒட்டும். மேலே தேன் நிறத்தில் ஒரு தோல், நகத்தால் சுரண்டினால் சுருண்டு வரும். அதன் அடியில் இன்னும் ஈரமான எண்ணெய் இருக்கும். வடைச்சட்டியின் வெளி விளிம்பில் நாள்பட ஏறுகிற பிசுக்கும் இதுவும் வேதியியலில் ஒன்றுதான். எண்ணெயில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகள் காற்றில் உள்ள ஆக்சிஜனைப் பிடித்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, திரவம் திடமாகிறது. மெல்லிய படலமாகப் பரவியிருந்தால் இது வேகமாக நடக்கும். சூடு சேர்ந்தால் இன்னும் வேகம். செம்பு இருந்தால் அது வினையைத் தூண்டிவிடும்.

டேங்குக்கு வெளியே கோந்து பிடித்தால் அசிங்கம், அவ்வளவுதான். சூடான சோப்புத் தண்ணீரில் துடைத்து, கேஸ்கெட்டைப் பார்த்து இறுக்கினால் போயிற்று. டேங்குக்கு உள்ளே, காயிலின் மேல் இது நடந்தால்? காகித மடிப்புகளுக்கு நடுவே மெல்லிய படலமாக நிற்கிற எண்ணெய் கோந்தாகிவிட்டால் எண்ணெய் ஓடும் வழி அடைபடும். அந்த இடம் சூடாகும், சூட்டில் காகிதம் கருகும். மேலிருந்து எடுக்கும் சாம்பிளில் பிடிவி அப்போதும் 60 காட்டும்.

நம் பக்கத்து ரிப்பேர் பட்டறைகளில் பழக்கமான வழி என்ன? எண்ணெயை இறக்கு, கோரை (காயில் சுற்றிய இரும்புச் சட்டத்தை) வெளியே தூக்கு, வேலை முடியும் வரை நிற்க வை, அப்புறம் சூடான காற்று ஓவனில் வைத்து ஈரம் போக்கு. மினரலுக்கு இது சரி. தாவர எண்ணெயில் நனைந்த காயிலைச் சூடான காற்றில் வைக்கவே கூடாது. நான் பட்டறைக்காரர்களிடம் கெஞ்சிக் கேட்பது இந்த ஒன்றைத்தான். கோரைத் தூக்க வேண்டி வந்தால் வேலையை அன்றே முடிக்கும்படி கேஸ்கெட், போல்ட், புஷிங் எல்லாம் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடியாது என்றால் கோரைத் திரும்ப இறக்கி எண்ணெயில் மூழ்கவிடுங்கள், அல்லது டேங்கை மூடி உலர்ந்த நைட்ரஜனை நிரப்பி வையுங்கள். ஈரம் போக்க வேண்டுமானால் சூடான எண்ணெயைச் சுற்றவிட்டு வாக்யூம் போடுங்கள். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் தகரக் கொட்டகைக்கு அடியில் கோர் நிற்பது அரை ஓவனில் நிற்பது மாதிரிதான்.

நிரப்பிய பீப்பாய்க்கும் இதுவே சட்டம். பாதி எடுத்து மூடி வைத்த பீப்பாயில் மேலே இருப்பது காற்று. நைட்ரஜன் விட்டு மூடுங்கள், நிழலில் வையுங்கள், பழையதை முதலில் எடுங்கள்.

அறிகுறி: சிலிகா ஜெல் சீக்கிரம் நிறம் மாறுகிறது

இங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: தாவர எண்ணெய் டிரான்ஸ்ஃபார்மரில் பிரீதர் (டிரான்ஸ்ஃபார்மர் மூச்சு விடும், சிலிகா ஜெல் போட்ட குப்பி) ஏன் வெளிக்காற்றோடு நேராக இருக்கிறது? சிலிகா ஜெல் ஈரத்தைப் பிடிக்கும், ஆக்சிஜனைப் பிடிக்காது. பகலில் லோடும் வெயிலும் சேர்ந்து எண்ணெய் விரியும், இரவில் சுருங்கும், ஒவ்வொரு நாளும் புதுக் காற்று உள்ளே போய்வரும். 1800களின் கடைசியிலேயே தாவர எண்ணெயை டிரான்ஸ்ஃபார்மரில் முயன்று பார்த்தார்கள். இப்படித் திறந்து மூச்சு விடும் அமைப்புக்கு அது ஒத்துவரவில்லை. இடத்தை மினரல் ஆயில் பிடித்துக்கொண்டது. 1990களில் தாவர எண்ணெய் திரும்பி வந்தபோது சீல் செய்த டேங்குகளோடு சேர்ந்தே வந்தது.

கன்சர்வேட்டர் (எண்ணெய் விரிந்து சுருங்க மேலே வைத்த சிறு தொட்டி) இருந்தால் உள்ளே ரப்பர் பை இருக்க வேண்டும். பை கிழிந்திருந்தால் பிரீதர் குழாய் வழியே எண்ணெய் ஈரம் தென்படும், பையைச் சோதியுங்கள். பையே இல்லாத பழைய கன்சர்வேட்டரில் மாற்றி ஊற்றியிருந்தால் பை பொருத்துவதுதான் தீர்வு. ஜெல்லை அடிக்கடி மாற்றிக்கொண்டிருப்பது தீர்வாகாது.

தோல் தொழிற்சாலை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முடி நீக்கச் சோடியம் சல்ஃபைடு போடும் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கமிருந்து வரும் காற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும். செம்பு, வெள்ளி எதுவானாலும் அதில் கருக்கும். டெர்மினல் கருத்திருந்தால் எண்ணெயைச் சந்தேகப்படாமல் லக்கை (கேபிள் முனையில் உள்ள இணைப்புத் துண்டை) கழற்றித் தேய்த்து, டின் பூச்சுள்ளதாக மாற்றுங்கள்.

அறிகுறி: மெக்கர் குறைவு, டான் டெல்டா அதிகம்

புதிய தாவர எண்ணெய்க்கு 90 டிகிரியில் டான் டெல்டா 0.05 வரை இருக்கலாம். புதிய மினரலுக்கு வரம்பு 0.005. பத்து மடங்கு வித்தியாசம் எண்ணெயின் இயல்பிலேயே இருக்கிறது. காயிலுக்குப் போடும் மெக்கரிலும் (மின்காப்பின் தடையை அளக்கும் கருவி) இதே காரணத்தால் எண் குறைவாக வரும். பழைய மினரல் டிரான்ஸ்ஃபார்மரின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள், இதே டிரான்ஸ்ஃபார்மரின் போன வருட எண்ணோடு, அதே சூட்டில் ஒப்பிடுங்கள். திடீரென்று தாவினால்தான் தேடுங்கள்.

அறிகுறி: கரைந்த வாயு ரிப்போர்ட்டில் ஈத்தேன் அதிகம்

சோயா எண்ணெயில் இதைக் கண்டு பயப்பட வேண்டாம். அதில் உள்ள லினோலெனிக் அமிலம் கோளாறு எதுவும் இல்லாமலே, சாதாரணச் சூட்டிலேயே ஈத்தேனை விடும். கூடக் கொஞ்சம் ஹைட்ரஜனும் வரலாம். அசெட்டிலீன் வந்தால் உள்ளே ஆர்க் அடித்திருக்கிறது, அதில் எந்த எண்ணெய்க்கும் விதிவிலக்கு இல்லை. எத்திலீன் ஏறினால் சூடான இணைப்பைத் தேடுங்கள். ஹைட்ரஜன் மட்டும் தனியாக, விடாமல் ஏறினால் பகுதி மின்கசிவை (மின்காப்பின் ஒரு பகுதியில் மட்டும் சிறு பொறி விடுவதை) நினைக்க வேண்டும்.

லேப்பிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். வாயு எண்ணெயில் கரையும் அளவுக்கு எந்தக் குணகத்தைப் போட்டீர்கள், தாவர எண்ணெயுடையதா மினரலுடையதா? வாயுக்களின் விகிதத்தைப் புள்ளியாக வைத்துக் கோளாறைப் படிக்க எந்த முக்கோண வரைபடம்? மிஷேல் டுவால் 1970களில் தந்த முதல் முக்கோணம் மினரலுக்கு. மினரல் அல்லாத எண்ணெய்களுக்கு அவரே எல்லைகளை மாற்றி மூன்றாவது முக்கோணம் தந்திருக்கிறார். தவறான முக்கோணத்தில் புள்ளி வைத்துவிட்டு ஷட்டவுன் எடுப்பது வீண் செலவு.

அறிகுறி: டாப் ஆயில் சூடு சில டிகிரி கூடுதல்

கெட்டியான எண்ணெய் ரேடியேட்டரில் மெதுவாக இறங்கும், சில டிகிரி கூடுவது இயல்பு. ஆனால் போன வருடம் இதே லோடில் இல்லாத சூடு என்றால் ரேடியேட்டர் ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் வால்வு மூடியிருக்கிறது அல்லது எண்ணெய் மட்டம் அதன் மேல் வாய்க்குக் கீழே போய்விட்டது.

அறிகுறி: பிடிவி அருமை, ஆனால் இடிக்குப் பிறகு உள்ளே ஃபிளாஷ் ஓவர்

கோடை மழை இடிகளுக்குப் பிறகு இப்படி மின்காப்பைத் தாண்டிப் பொறி பாய்வது வரும். பிடிவி என்பது 2.5 மி.மீ. இடைவெளியில், ஏறக்குறைய சீரான புலத்தில், 50 ஹெர்ட்ஸில் எடுக்கும் சோதனை. இடியின் அலை அப்படி வருவதில்லை. கூர் முனையும் நீண்ட இடைவெளியும் உள்ள இடத்தில், மின்முறிவு ஒரு கிளைபோல எண்ணெயில் வளர்ந்து போகிறது, இதற்கு ஸ்ட்ரீமர் என்று பெயர். மினரல் ஆயிலில் முறிவு தொடங்கும் வோல்டேஜுக்கும், ஸ்ட்ரீமர் திடீரென வேகம் பிடிக்கும் வோல்டேஜுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கிறது. தாவர எண்ணெயில் இரண்டும் கிட்டத்தட்ட ஒட்டியே இருக்கின்றன. அதனால் இடைவெளி நீளமாக ஆக, இடி அலையைத் தாங்குவதில் இது மினரலைவிடப் பின்தங்குகிறது. இந்த எண்ணெய்க்குச் சாதகமான ஒன்றும் உண்டு. அதன் மின்காப்பு மாறிலி சுமார் 3.1, மினரலுக்கு 2.2, எண்ணெய் ஊறிய பிரஸ்போர்டுக்கு (அழுத்திய காகித அட்டை) சுமார் 4.4. எண்ணெயும் பிரஸ்போர்டும் நெருங்கி வருவதால் எண்ணெய்க் கால்வாயில் விழும் மின் அழுத்தம் குறைகிறது.

11, 22, 33 கே.வி. டிரான்ஸ்ஃபார்மர்களில் இது பெரும்பாலும் தலைவலி ஆவதில்லை. அங்கே இப்படி நடந்தால் முதலில் லைட்னிங் அரெஸ்டரையும் (இடியின் மின்சாரத்தைத் தரைக்குத் திருப்பும் கருவி) அதன் எர்த் இணைப்பையும் பாருங்கள். பாலாற்றுப் பக்கம் மணல் மண்ணில் கோடையில் எர்த் குழி காய்ந்து மதிப்பு ஏறியிருக்கும். 110 கே.வி.க்கு மேல் மினரலுக்கென்று வடிவமைத்த டிரான்ஸ்ஃபார்மரில் தாவர எண்ணெயை மாற்றி ஊற்றுவது என்றால், தயாரித்தவர்கள் உள் இடைவெளிகளைக் கணக்குப் பார்த்து எழுத்தில் கொடுக்காமல் கை வைக்காதீர்கள்.

எண்ணெய் மாற்றிய உடனே வந்த ஃபிளாஷ் ஓவர் என்றால் காத்திருக்காததுதான் காரணமாக இருக்கும். காகிதத்துக்குள் ஊறவும், சிக்கிய குமிழி வெளியேறவும் இந்த எண்ணெய்க்கு மினரலைவிட அதிக நேரம் வேண்டும். எண்ணெயைச் சூடாக, வாக்யூமில் நிரப்பி, தயாரித்தவர் சொன்ன நேரம் முழுவதும் நின்ற பிறகே சார்ஜ் செய்யுங்கள். மேலே இருப்பவர்கள் அவசரப்படுத்தினாலும் இதில் ஒரு மணி நேரம்கூடக் குறைக்காதீர்கள்.

அறிகுறி: மட்டம் இறங்கிவிட்டது, கையில் தாவர எண்ணெய் இல்லை

கேஜ் கீழ்க்கோட்டைத் தொட்டுவிட்டது, பீப்பாய் வர நாளாகும். ஸ்டோரில் மினரல் இருக்கிறது. ஊற்றலாமா? இரண்டும் நன்றாகக் கலக்கும், மின்காப்புக்கு உடனே கெடுதி இல்லை. ஆனால் தாவர எண்ணெயின் தீப்பற்றும் நிலை சுமார் 350 டிகிரி, மினரலுக்கு 170-ஐ ஒட்டி. மொத்தத்தில் மினரல் 7 சதவீதத்தைத் தாண்டினால் கலவை 300 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும், அதன் பிறகு அது தீ பாதுகாப்பான எண்ணெய் என்ற கணக்கில் வராது. ஆஸ்பத்திரிக்கு அடித்தளத்திலோ, தோல் குடோன் சுவரை ஒட்டியோ நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர் என்றால் ஒரு வாளிகூட வேண்டாம், லோடை மாற்றிவிட்டு நிறுத்தி வையுங்கள். வெட்டவெளியில் நிற்பது என்றால், எவ்வளவு ஊற்றினோம் என்று எழுதி வைத்துக்கொண்டு சிறிதளவு ஊற்றலாம். மினரல் டிரான்ஸ்ஃபார்மரைக் காலி செய்து தாவர எண்ணெய்க்கு மாற்றும்போதும் இந்த 7 சதவீதம்தான் அளவு. வடித்துவிட்டு, சூடான தாவர எண்ணெயால் உள்ளே அலசி, அலசியதையும் வடித்த பிறகுதான் நிரப்ப வேண்டும்.

நிலக்கடலை விளையும் ஊர் என்பதால் இன்னொரு கேள்வியும் வரும். "ணா, இதுவும் எண்ணெய்தானே, செக்குல ஆட்டின கடலெண்ணெய ஊத்துனா என்ன?" ஊற்றவே கூடாது. செக்கெண்ணெயில் கடலைத் துகளும், ஈரமும், பசைப் பொருளும், விடுபட்ட கொழுப்பு அமிலமும் இருக்கும். சாப்பாட்டுக்கு மணமும் ருசியும் தருவது அவைதான். பிடிவி கப்பில் ஊற்றினால் அவைதான் எலெக்ட்ரோடுக்கு நடுவே பாலம் கட்டும். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சேர்க்கையும் அதில் இல்லை. ஒரு லிட்டர் ஊற்றிவிட்டார்கள் என்று தெரிந்தால் சார்ஜ் செய்யாமல் சாம்பிள் எடுத்து பிடிவி, டான் டெல்டா, அமில எண் மூன்றையும் பாருங்கள். மூன்றில் ஒன்று தொடக்க அளவிலிருந்து விலகியிருந்தாலும் முழு எண்ணெயையும் இறக்கி, சூடான புது எண்ணெயால் காயிலை அலசிவிட்டு நிரப்புங்கள். இறக்குவதற்கும் நிரப்புவதற்கும் நடுவே டேங்கில் நைட்ரஜன் இருக்கட்டும்.